நீ என்ன ரகம்

நம்பர் என்றது திரை. சாந்தாமணி இன்னொரு தரம் கேட்டாள். நம்பர் என்றது. சாப்பிட்ட டப்பாவைக் கழுவக்கூட எழுந்து போகாமல், ரசம் காய்ந்த வலது கையை மடிமேல் தனியாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, இடது கை விரல்களாலேயே தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் சளைக்காமல் நம்பர், நம்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே கேள்விக்கு ஒரே பதிலை இத்தனை தரம் முகம் மாறாமல் சொல்கிறவர்களை அவள் நம்பியதே கிடையாது. உண்மை பேசுகிறவனுக்கு இரண்டாவது தரம் கேட்டால் எரிச்சல் வரும், மூன்றாவது தரம் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான், பொய் சொல்கிறவன்தான் பொறுமையாக உட்கார்ந்து பதில் சொல்வான் என்று அவளாக ஒரு சட்டம் வைத்திருந்தாள். அந்தச் சட்டத்தை மனிதர்கள் மேல் பிரயோகித்துப் பிரயோகித்து, இன்றைக்குக் கம்ப்யூட்டரையும் அதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். நாலு மணிக்கு முன்னால் அவள் சோதித்துப் பார்த்து சரி என்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் அவர்கள் கம்பெனி எழுதிய புது புரோகிராம் ஊருக்குள் இருக்கும் ஒரு டயாலிசிஸ் சென்டரில் இன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும். இதுவரை நோயாளியின் எடையைப் பார்த்து, உடம்பிலிருந்து எவ்வளவு நீரை எடுக்க வேண்டும் என்று நர்ஸுகளே கணக்குப் போட்டு மெஷினில் வைத்தார்கள். இனிமேல் எடையைத் திரையில் தட்டினால் போதும், புரோகிராமே கணக்குப் போட்டு மெஷினுக்கு நேராகச் சொல்லிவிடும். நாலு மணிக்கு அந்த சென்டரில் வந்து படுக்கப் போகிறவர்களில் ஒருவர் மோகனசுந்தரம், சாந்தாமணியின் வீட்டுக்காரர். பரிசோதனைக்கென்று சென்டர் அனுப்பியிருந்த மதிப்புகளில் அவர் எடையும் இருந்தது. பெயரெல்லாம் போட்டு அனுப்பவில்லை. ஆனால் எது தன் வீட்டு எடை என்று அவளுக்கா தெரியாது? அறுபத்து நாலு. அந்த அறுபத்து நாலைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் நீ என்ன ரகம், நீ என்ன ரகம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் தொழிலில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு ரகம் உண்டு, டைப் என்பார்கள். கண்ணுக்கு ஐந்து என்று தெரிவதெல்லாம் ஐந்து ஆகிவிடாது. நம்பராக வந்த ஐந்து வேறு, எழுத்தாக வந்த ஐந்து வேறு. எழுத்தாக வந்ததை ஸ்ட்ரிங் என்பார்கள், அது வீட்டுக் கதவில் எழுதியிருக்கும் ஐந்தைப் போன்றது, எண்ணிக்கை அல்ல. அப்படிப்பட்ட இரண்டு ஐந்தைக் கூட்டச் சொன்னால் பத்து என்று சொல்லாது, பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து ஐம்பத்தைந்து என்று கொடுத்துவிடும். சரி, அப்படியே எல்லாவற்றிலும் தப்பு செய்து தொலைத்தால் கண்டுபிடித்துவிடலாம். கழிக்கச் சொன்னால் மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரிச் சரியாகக் கழித்துக் கொடுக்கும். அதனால் கழித்தல் மட்டும் நடக்கிற இடங்களில் இந்தத் திருட்டு ஐந்து வருஷக்கணக்கில் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்னொன்று இருக்கிறது, அதை நினைத்தால் சாந்தாமணிக்குச் சிரிப்பும் வரும் பயமும் வரும். கணக்குப் போட முடியாதபோது வருகிற ஒரு மதிப்பு, அதற்குப் பெயரே நம்பர் இல்லை என்பதுதான். அதைக் கூப்பிட்டு நீ என்ன ரகம் என்று கேட்டால் நம்பர் என்கிறது. இதை ஒரு தரம் மோகனசுந்தரத்திடம் சொன்னபோது, அவர் அப்போது பட்டறையை மூடிவிட்டு வந்து லேத் எண்ணெய் வாசத்தோடு தட்டின்முன் உட்கார்ந்திருந்தார், கால் இரண்டும் இருந்த காலம் அது, சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பு நிறையக் கொடுத்தாள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். அப்போதெல்லாம் சொம்பு சொம்பாகக் கொடுக்கலாம்.

இப்போது அளவுதான். நாள் முழுக்க ஒரே ஒரு சின்ன பாட்டில். அதில் எங்கே வரைக்கும் காலையில், எங்கே வரைக்கும் மத்தியானம் என்று அவளே நெயில் பாலிஷால் கோடு போட்டு வைத்திருந்தாள். சர்க்கரை முதலில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு போனது, பிறகு கிட்னியையும் கேட்டது. டாக்டர் சொல்லிவிட்டார், அவர் உடம்பின் சரியான எடை அறுபது, ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு கிலோ ஏறலாம், அதற்குமேல் ஏறினால் அது தண்ணீர்தான், நெஞ்சு தாங்காது என்று. நர்ஸுகள் தட்டி வைக்கிற எடையை வீட்டாரும் ஃபோனில் பார்க்க சென்டர்காரர்கள் வசதி செய்து கொடுத்திருந்தார்கள், அதுவும் அவள் கம்பெனி எழுதியதுதான். போன மாதம் வரைக்கும் அதில் அவர் வரும்போது இருக்கிற எடை காலியாகவே வரும். அதற்குப் பிறகுதான் வர ஆரம்பித்தது. வந்ததிலிருந்து அறுபத்து நாலு, அறுபத்து மூன்றரை, மறுபடி அறுபத்து நாலு. திரும்பும்போது பார்த்தால் அறுபது. அப்படியானால் இரண்டு நாளில் நாலு கிலோவா? நாலு கிலோ தண்ணீர் எங்கிருந்து வரும்? குழாய் இருக்கிறது, ஃபிரிட்ஜ் இருக்கிறது, பாத்ரூமில் பக்கெட் இருக்கிறது, பக்கத்து வீட்டில் கேட்டால் மோர் கொடுக்க மாட்டார்களா? அவள் ஆபீஸில் இருக்கிற நேரமெல்லாம் அந்த வீட்டில் அவரும் தண்ணீரும் தனியாகத்தானே இருக்கிறார்கள். கட்டிய புருஷன் மேல் வேறொரு பெண்ணை வைத்துச் சந்தேகப்பட்டவர்களை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். தண்ணீரை வைத்துச் சந்தேகப்பட்டவள் இந்த ஜில்லாவிலேயே தான் ஒருத்திதான் என்று நினைத்தபோது அழுகைதான் வந்தது. ஆனாலும் விடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பாத்ரூம் மக்கைத் தொட்டுப் பார்ப்பாள், ஈரமா காய்ந்ததா என்று. டம்ளர்களை எடுத்து மேல் அலமாரியில் வைத்தாள். ஃபிரிட்ஜைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பேச்சுக் கொடுக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து அவர் உதட்டைப் பார்ப்பாள். வெடித்துத்தான் இருக்கும். நாக்கால் நனைத்துக்கொள்ளத் தெரியாதா என்ன, காயவிட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

முதலில் அவர் கோபப்பட்டார். குடிக்கலைன்னு சொல்றேன், நம்ப மாட்டியா என்றார். அடுத்த தரம் சத்தியம் செய்தார். அதற்கடுத்த தரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போன ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் தோசைக் கரண்டியும் கையுமாக நின்று ஃபோனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, மெஷின் பொய் சொல்லுமா, சொல்லுங்க, நம்பர் பொய் சொல்லுமா என்று கேட்டபோது, ஆமா அம்மிணி, குடிச்சேன், பாத்ரூம்ல மக்குல மொண்டு குடிச்சேன், போதுமா என்றார். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. இதை யாரிடம் சொல்ல முடியும்? புருஷன் தன் உயிருக்கு உலை வைத்துக்கொண்டேன் என்று ஒத்துக்கொள்கிறார், பெண்டாட்டிக்கு நெஞ்சில் பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது. தன் சந்தேகம் சரி என்று ஆனதில் அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள். அவருக்கும் ஒன்று கூடப் போட்டாள். அதன்பிறகு குடிக்கிற அளவு குறையட்டுமென்று பாட்டிலின் கோட்டை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி வரைந்தாள்.

ஆனால் கால்? அதைத்தான் காலையிலிருந்து விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இன்றைக்குக் காலையில் அவருடைய வலது காலுக்கு எண்ணெய் தடவும்போது, கணுக்காலுக்கு மேலே எலும்போரமாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். உடம்பில் தண்ணீர் தேங்கியிருந்தால் அழுத்தின இடம் குழியாக நிற்கும், மாவில் விரல் வைத்த மாதிரி. நிற்கவில்லை. விரலை எடுத்ததும் தோல் ஜம்மென்று எழுந்து பழையபடி ஆகிவிட்டது. இன்னும் கொஞ்சம் மேலே அழுத்தினாள், அங்கேயும் இல்லை. கண்ணுக்குக் கீழே வீக்கமில்லை, படுத்தால் மூச்சு வாங்கவில்லை. நாலு கிலோ தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு மனுஷன் இப்படி வற்றிப்போய் உட்கார்ந்திருப்பாரா? தண்ணீர் அப்படியானால் எங்கே போனது? அப்போது சென்டர் நர்ஸ் சிஸ்டர் எஸ்தர் போன வாரம் சொன்னது ஞாபகம் வந்தது. அண்ணன் ரொம்பக் கட்டுப்பாடா இருக்காருங்க மேடம், இவரை மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்லைங்க. கேட்டதும் சாந்தாமணிக்குச் சுருக்கென்றது. இனிக்க இனிக்கப் பேசி நர்ஸைக்கூடக் கைக்குள் போட்டுக்கொண்டுவிட்டாரே என்றுதான் அப்போது நினைத்தாள். தன் கட்டைவிரல் ஒன்று சொல்கிறது, நர்ஸ் அதையே சொல்கிறாள், புருஷன் சத்தியம் செய்து சொன்னார். அறுபத்து நாலு மட்டும் தனியாக வேறொன்று சொல்கிறது. மூன்று பேரைச் சந்தேகப்பட்டு ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறோமே, அந்த ஒன்றை யாராவது கேட்டோமா? கேட்டாள்தான். மத்தியானத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நம்பர் என்கிறது.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. தௌஃபீக். இந்த எடைப் பகுதியை எழுதியவன். அவள் அந்தப் பக்கம் நடந்தால் திரையில் எதையோ சட்டென்று மூடுவான், கிரிக்கெட்டாக இருக்கும், வேறு வேலை தேடுகிறானாக இருக்கும், தான் செய்த தப்பை மூடுகிறானாகவும் இருக்கலாம் என்று பல நாளாகவே அவன்மேல் அவளுக்கு ஒரு கண். இவன் ஏன் எப்போதும் சிரித்த முகமாக இருக்கிறான்? வேலை ஒழுங்காகச் செய்கிறவனுக்கு எங்கிருந்து இவ்வளவு சிரிப்பு வரும்? காலி டப்பாவையும் அவள் கையையும் பார்த்துவிட்டு, "என்னக்கா, கை கழுவக்கூட விடாம எது புடிச்சு வெச்சிருக்குது?" என்றான்.

"இந்த எடை நம்பரா வருதே தௌஃபீக், வந்த எடத்துலயே நம்பரா இருந்துச்சா, நீ மாத்தினியா?"

"நாந்தான்க்கா மாத்தினேன். ஸ்கிரீன் பொட்டியில தட்டறது எப்பவும் ஸ்ட்ரிங்காத்தானே வரும். நீங்கதான சொன்னீங்க, நம்பரா இல்லாத ஒண்ணு உள்ள வந்தா கையெழுத்துப் போட மாட்டேன்னு. அதான் வாசல்லயே புடிச்சு நம்பராக்கி உள்ள விட்டேன். அதுக்கு முன்னால சில பேருக்குக் காலியா வந்துச்சில்ல, அதுவும் சரியாயிருச்சு."

"சில பேருன்னா யாரு?"

"ரெண்டு மூணு பேருக்குத்தான்க்கா. ஏன் காலியாச்சுன்னு நான் பாக்கல. மாத்தினதும் நம்பர் வந்திருச்சு, நீங்களும் பாத்து ஓகேன்னுட்டீங்க."

பாத்து ஓகேன்னுட்டீங்க. அதில் ஒரு குத்தல் இருக்கிறதா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். இல்லை. வெறும் சிரிப்புத்தான். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. பொய் சொல்கிறவனைப் பிடித்துவிடலாம், உண்மையைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறவனை என்ன செய்வது? வாசலில் பிடித்து மாற்றினான் என்றால், இத்தனை நேரம் தான் கேட்டது வாசலுக்கு உள்ளே நிற்கிறவனைத்தானே. வேஷத்தைப் போட்டு உள்ளே அனுப்பிவிட்டு, நீ யார் என்று வேஷத்தைக் கேட்டால் அது வேறென்ன சொல்லும்? அவன் மாற்றுவதற்கு வைத்திருந்த வழியும் அவளுக்குத் தெரிந்ததுதான். கொடுத்ததில் முன்னால் நம்பர் மாதிரி எதுவரை இருக்கிறதோ அதுவரை எடுத்துக்கொள்ளும், நம்பர் மாதிரி இல்லாத முதல் எழுத்து வந்ததும் அங்கேயே நின்று, மிச்சத்தைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அறுபது கிலோ என்று எழுதினால் கிலோவைப் போட்டுவிட்டு அறுபதைக் கொண்டுவரும். நல்லதுதானே என்று தோன்றும். எதைப் போட்டது என்று மட்டும் ஒருநாளும் சொல்லாது. அவள் வாசலுக்கு வெளியே போய், மாற்றுவதற்கு முன்னால், நர்ஸ் தட்டினது தட்டினபடி இருக்கிற இடத்தில் நின்று கேட்டாள். நீ என்ன ரகம்? ஸ்ட்ரிங் என்றது. சரி, உன் முகத்தைக் காட்டு. காட்டியது. அறுபத்து நாலு, ஒரு சின்னக் கோடு, ரெண்டு. 64-2. கண்ணை மூடித் திறந்தாள். கோடு அங்கேயேதான் இருந்தது. முந்தின தடவைக்கும் ஒரு கோடும் ஒரு ரெண்டும், அதற்கு முந்தினதற்கும். முன்னால் காலியாக வந்ததும் இந்தக் கோட்டால்தான், இப்போது கோட்டையும் ரெண்டையும் கீழே போட்டுவிட்டு அறுபத்து நாலு மட்டும் உள்ளே போகிறது. இந்த ரெண்டு என்ன ரெண்டு? வாய் வறண்டு, தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருந்தும் எடுக்கத் தோன்றாமல், இடது கையாலேயே சென்டருக்கு ஃபோன் போட்டாள்.

"கால்ங்க மேடம்," என்றாள் சிஸ்டர் எஸ்தர், இதைப் போய்க் கேட்கிறாயே என்கிற குரலில். "அண்ணன் வரும்போது கட்டைக்காலை மாட்டிட்டு நின்னுதான எடை பாப்பாரு. எடை பாக்கற சேர்ல உக்காருங்கன்னா கேக்க மாட்டாரு, என்னை நிக்க வெச்சே பாருங்க சிஸ்டர்ம்பாரு. அந்தக் கால் ரெண்டு கிலோங்க. அதைக் கழிக்கோணுமில்ல?"

"எங்கீங்க கழிக்கறீங்க? மனசுலயா?"

"இல்லீங்க, பொட்டியிலயேதான். அறுவத்து நாலுன்னு போட்டு, கோடு போட்டு, ரெண்டு. கால் வெச்ச எல்லாருக்கும் அப்படித்தாங்க போடுவோம், பாக்கறவங்களுக்குப் புரியோணுமில்ல? போகும்போது அண்ணன் அசந்து போயிருவாரு, கால் இல்லாம சேர்லயே உக்கார வெச்சுப் பாத்துருவோம். அதுக்குக் கழிக்க வேண்டாம்."

"அப்ப இத்தனை நாள் மெஷின்ல எவ்வளவு வெச்சீங்க?"

"ரெண்டு லிட்டர்தாங்க. அவருக்கு ரெண்டுக்கு மேல ஏறினதே இல்லீங்களே. நாங்க ஸ்கிரீன்ல வர்றதைப் பாக்கறதில்ல, எங்க கணக்கு எங்களுக்குத் தெரியும். இன்னிக்கிருந்து எல்லாம் தானாவே போயிருமாமே மேடம், நல்லதாப் போச்சு."

ஃபோனை வைத்ததும் முதலில் கைதான் வேலை செய்தது, மனசு பின்னால்தான் வந்தது. சரி என்கிற பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்ததை அமுக்கி, போகக்கூடாது என்று எழுதி, தௌஃபீக்கைக் கூப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டினாள். அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நாலு மணிக்கு இது அங்கே போயிருந்தால், அறுபத்து நாலிலிருந்து அறுபதைக் கழித்து நாலு லிட்டர் என்று மெஷினுக்குச் சொல்லியிருக்கும், மெஷினும் கேள்வி கேட்காமல் ஒரு மனுஷன் உடம்பிலிருந்து இல்லாத இரண்டு லிட்டரை உறிஞ்சியிருக்கும். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, பிரஷர் இறங்கி, கண் செருகி, அவர் கத்தினால்கூட, தண்ணி குடிச்சீங்கல்ல, அனுபவிங்க என்று சாந்தாமணியே பக்கத்தில் நின்று சொல்லியிருப்பாள். நாக்கூசாமல் சொல்லியிருப்பாள். நம்பரும் தன் பக்கம், நியாயமும் தன் பக்கம் என்றல்லவா இருந்தாள். கையைக் கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, காய்ந்த ரசம் கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குடிக்கவில்லை. அவர் குடிக்கவே இல்லை. முதல் நாள் கோபப்பட்டாரே அது நிஜம், சத்தியம் செய்தாரே அதுவும் நிஜம். அப்படியானால் மக்கில் மொண்டு குடித்தேன் என்றாரே, அது? அதை மட்டும்தானே அவள் நம்பினாள். குடிக்காத தண்ணீரை, எந்த இடத்தில், எந்தப் பாத்திரத்தில் என்று விலாசம் கொடுத்துச் சொல்ல அவருக்கு எப்படி வந்தது? தான் கேட்டுக்கொண்டே இருந்ததால் வந்தது. வேறெதற்கெல்லாம் இப்படி ஆமாம் சொல்லியிருக்கிறார்? வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறாரே, பசிக்கிறதா என்றால் இல்லை என்கிறாரே, அதெல்லாம் என்ன? பாட்டில் கோட்டை வேறு மேலே ஏற்றி வரைந்தேனே என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். கண்ணாடியில் யாரும் இல்லை, அவள்தான்.

வீட்டுக்கு அடித்தாள். நெடுநேரம் கழித்து எடுத்தார். காலை மாட்டிக்கொண்டிருந்திருப்பார், ஆட்டோ வருகிற நேரம்.

"ஏனுங்க, நாந்தான்."

"கௌம்பிட்டேன் அம்மிணி. பாட்டில் இங்கயேதான் இருக்குது. கோட்டுக்குக் கீழ போகல."

"அதுக்கில்லீங்க. உங்க எடை தப்பா வந்திருக்குது. கால் எடையையும் சேத்துக் காட்டியிருக்குது. நீங்க குடிக்கவே இல்ல, எனக்குத் தெரிஞ்சு போச்சு."

அழுகிறாரா என்று காதுகொடுத்துக் கேட்டாள், இல்லை. மூச்சு மட்டும்.

"குடிச்சேன்னு நாந்தான் அன்னிக்கே ஒத்துக்கிட்டனே," என்றார் மெதுவாக. "மறுபடியும் எதுக்கு?"

"ஐயோ, நீங்க குடிக்கலீங்க. தப்பு என்னுதுங்க. நான் ஒரு குருட்டுக் கழுதை. இப்பக் கொஞ்சம் தண்ணி குடிங்க, ஒரு டம்ளர். பாட்டில் கோடெல்லாம் பாக்க வேண்டாம்."

"வேண்டாம்."

"நாந்தான் சொல்றேன்ல, குடிங்க."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா அம்மிணி? டாக்டர் ஏதாச்சும் கேக்கச் சொன்னாரா?"

யாருமில்லைங்க, நான் மட்டும்தான், எனக்காகக் குடிங்க என்று கெஞ்சினாள். ஃபோனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. கட்டைக்கால் தரையில் ஊன்றி ஊன்றிப் போவது கேட்டது. குழாய் திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். காதை ஃபோனோடு வைத்து நசுக்கிக்கொண்டு கேட்டாள். விழுங்குகிற சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள், கேட்கவில்லை, இவ்வளவு தூரத்தில் அது கேட்குமா என்றும் தெரியவில்லை. டம்ளர்தான் எட்டாத அலமாரியில் இருக்கிறதே, எதில் பிடித்தார்? காலடி திரும்பி வந்தது.

"குடிச்சீங்களா?" என்றாள்.

"குடிச்சேன்," என்றார் மோகனசுந்தரம்.

அவர் நிஜமாகக் குடித்தாரா, விட்டால் போதுமென்று சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. வைக்கட்டுமா என்று அவர் அனுமதி கேட்டார், அவள் சரிங்க என்றாள்.